‘உப்பு – தேவையான அளவு’: காப்புரிமைக் கோரிக்கையில் அளவுச் சொற்கள்

சமையல் குறிப்புகளில் நமக்குப் பழகிப்போன வரி ஒன்று உண்டு: ‘உப்பு – தேவையான அளவு’. யாரும் அதைக் குறை சொல்வதில்லை. நாக்கு என்று ஒன்று இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். அடுத்த வரியில் ‘வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்’ என்று இருக்கும். அதுவும் போகட்டும். அதிரசத்துக்கு வரும்போதுதான் சங்கடம். ‘வெல்லப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சவும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதை நம்பி அடுப்பைப் பற்றவைப்பவர் பாவம். எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து போகும், அல்லது கல்லாகும். கை தேர்ந்தவர்கள் அப்படி எழுதுவதில்லை. ‘கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் கூட்டினால், கரையாமல் திரண்டு மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். அதுதான் பதம்’ என்பார்கள். டிகிரி இல்லை, தெர்மாமீட்டர் இல்லை. ஆனாலும் மயிலாப்பூரில் காய்ச்சினாலும் மணலியில் காய்ச்சினாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் அடுப்பை அணைப்பார்கள்.

‘கெட்டியாக’ என்பதிலும் எண் இல்லை, ‘உருட்டும் பதம்’ என்பதிலும் எண் இல்லை. ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம், மற்றொன்றை முடியாது. காப்புரிமைக் கோரிக்கைகளில் வரும் ‘ஏறத்தாழ’, ‘கணிசமாக’, ‘போதுமான’, ‘மெல்லிய’ போன்ற சொற்களைப் பற்றி உலகெங்கும் நடக்கும் வழக்குகளில் பாதி, இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் வருகின்றன.

சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். பாட்டு, கதை, புத்தகம் ஆகியவற்றின் உரிமைக்கும் நம் பத்திரிகைகள் ‘காப்புரிமை’ என்றே போடுகின்றன. இங்கே பேசுவது அதை அல்ல. கண்டுபிடிப்புக்கு அரசு தரும் பேட்டன்ட்டை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உங்கள் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்யவோ விற்கவோ முடியாது. பதிலுக்கு, அதை எப்படிச் செய்வது என்று ஊரறிய எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எழுதிக் கொடுக்கும் அந்த ஆவணத்தின் பெயர் முழு விவரக்குறிப்பு. அதில் இரண்டு பகுதிகள். கண்டுபிடிப்பு என்ன, எப்படி இயங்குகிறது, எப்படிச் செய்வது என்று படங்களோடு விரித்துச் சொல்வது விளக்கப் பகுதி. கடைசியில் எண் போட்டு வரும் சில வாக்கியங்கள்தாம் உரிமைக் கோரிக்கைகள். தொழிலில் இருப்பவர்கள் ‘கிளெய்ம்’ என்பார்கள். வீட்டுப் பத்திரம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பத்திரத்தில் நாலு பக்கம் கதை இருந்தாலும், சண்டை என்று வந்தால் வக்கீல் நேராகப் புரட்டுவது ‘இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு’ என்று வரும் நான்கெல்லையைத்தான். கோரிக்கைதான் காப்புரிமையின் நான்கெல்லை. அதில் ‘புளியமரத்துக்குப் பக்கத்தில்’ என்று எழுதியிருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இதை ஒரே வரியில் சொல்கிறது. பிரிவு 10(5)-இன்படி கோரிக்கைகள் தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும். விளக்கப் பகுதியில் வெளிப்படுத்தியதை நியாயமாக அடிப்படையாகக் கொண்டிருக்கவும் வேண்டும். அப்படி இல்லாத கோரிக்கை தப்பித்தவறி வெளியே வந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. கோரிக்கையின் எல்லை போதுமான அளவுக்குத் தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பது, பிரிவு 64-இன் கீழ், காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. அந்த வரியிலேயே ‘போதுமான அளவுக்கு’ என்ற அளவுச் சொல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? சட்டத்துக்கே அது இல்லாமல் முடியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிட்டால் என்ன? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வீட்டுக் கிரைண்டரில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். ஆள் கற்பனைதான். ஆனால் இவரைப் போன்றவர்களோடு மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிப் பிழைப்பவன் நான், அதனால் பேச்சு கற்பனை இல்லை. அரைக்கும்போது கல் உரசி மாவு சூடேறினால் இட்லி சரியாக எழும்பாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைப்பவர்கள் உண்டு. இவர் கல்லின் சரிவையும் சுற்றும் வேகத்தையும் மாற்றி, சூடு ஏறாமல் செய்துவிட்டார். வேகம் நிமிடத்துக்கு 132 சுற்று.

கோரிக்கையில் ‘நிமிடத்துக்கு 132 சுற்று சுழலும் கிரைண்டர்’ என்றே எழுதிவிடலாம். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. மறுநாள் பக்கத்துப் பட்டறைக்காரர் 135-இல் ஓட்டுவார். ‘நான் உங்கள் எல்லைக்குள் வரவே இல்லையே’ என்பார். இவர் இரண்டு ஆண்டு தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்ததை அவர் ஒரு புல்லியை மாற்றி எடுத்துப் போய்விடுவார். போதாததற்கு, மின்அழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் எந்த மோட்டாரும் நாள் முழுக்க 132-இல் நிற்பதில்லை. அவருடைய கிரைண்டரே சில நேரம் அவருடைய கோரிக்கைக்கு வெளியே போய் நிற்கும். ஆகவேதான் எழுதுகிறவர்கள் ‘ஏறத்தாழ’வைத் தேடிப் போகிறார்கள். அது சோம்பல் இல்லை. பொருள்களின் இயல்பு அப்படி.

ஆனால் தேடிப் போனவர்கள் அங்கேயே குடியேறிவிடுவதும் உண்டு. சில ஆவணங்களில் ‘சப்ஸ்டான்ஷியலி’, அதாவது ‘கணிசமாக’, என்ற சொல் மஞ்சள்தூள் மாதிரி எல்லா வரியிலும் தூவப்பட்டிருக்கும். எதற்காக என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. நம் விண்ணப்பங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பதால் இந்தச் சொற்கள் நம்மவர்களுக்கு இரவல் சட்டை. எங்கே பிடிக்கிறது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது? ‘சுமார் பத்து பேர்’ என்றால் ஒரு பொருள், ‘சாப்பாடு சுமார்’ என்றால் இன்னொரு பொருள்.

கட்டடம் கட்டியவர்களுக்குப் பிடித்தமான ஒரு பிரிட்டிஷ் வழக்கு உண்டு. வாசல், ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை இரும்புத் தகட்டில் செய்யும் முறைக்குக் கேட்னிக் என்ற நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அதன் பின்பலகை ‘செங்குத்தாக’ நிற்க வேண்டும் என்பது கோரிக்கை. போட்டி நிறுவனம் பலகையை 6 டிகிரி சாய்த்தது. இன்னொரு வடிவத்தில் 8 டிகிரி. ‘செங்குத்து என்றால் 90 டிகிரி, எங்களுடையது சாய்வு’ என்றது. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை ஒப்புக்கொள்ளவில்லை. இது வடிவியல் வகுப்பு இல்லை. கட்டட வேலை தெரிந்தவர் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்பதே கேள்வி என்றது. அந்தச் சாய்வால் தாங்கும் வலு குறைவது மிகக் கொஞ்சம். பலகை தன் வேலையைச் செய்கிறது, ஆகவே அது செங்குத்துதான்.

நம் கொத்தனாரிடம் சுவர் நேராக இருக்கிறதா என்று கேட்டால் தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்துவிட்டு ‘நேர்தான்’ என்பார். நூலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ‘நேர்’ என்ற சொல்லுக்குள் தூக்குக்குண்டு இருக்கிறது. கோரிக்கையை யாருடைய கண்ணால் படிப்பது என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை இந்தக் கொத்தனார்தான்: அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவர். நீதிபதியும் இல்லை, அகராதியும் இல்லை.

அமெரிக்காவில் இதே அடிப்படையில் ‘கணிசமான’ என்ற சொல்லே பிழைத்திருக்கிறது. காகிதம் செய்யும் இயந்திரத்தில் கூழ் ஓடும் கம்பி வலையைக் ‘கணிசமாக’ உயர்த்திச் சரிவாக வைக்க வேண்டும் என்ற ஐபெல் என்பவரின் காப்புரிமையை 1923-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எத்தனை அங்குலம் என்று கோரிக்கையில் இல்லை. ஆனால் எதற்காகச் சரிவு என்பது விளக்கத்தில் இருந்தது: கூழ் ஏறத்தாழ வலையின் வேகத்திலேயே ஓட வேண்டும். காகித ஆலைக்காரர் அது நடக்கும்வரை உயர்த்திப் பார்த்தால் போதும். இதுவும் ஒரு பதம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1986-ஆம் ஆண்டின் சக்கர நாற்காலி வழக்கு. நாற்காலியின் முன்கால் பகுதி, ‘காரின் கதவுச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் இடையே நுழையும் அளவில்’ இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. எந்தக் கார்? காருக்குக் கார் இடைவெளி மாறுமே! கீழ் நீதிமன்றம் தெளிவில்லை என்றது. மேல்முறையீட்டில் அது மாறியது. நாற்காலி செய்பவர் காரை அளந்து பார்த்துக்கொள்ள மாட்டாரா? எல்லாக் கார்களின் அளவையும் பட்டியல் போடச் சொல்வது நியாயமில்லை என்றது மேல் நீதிமன்றம். அளவுகோலைக் கோரிக்கையே கையில் கொடுத்துவிட்டது.

இப்போது தோற்றவர்களைப் பார்ப்போம். டயரில் சேர்க்கும் கார்பன் கரியைச் சிறு மணிகளாக்கும் கண்டுபிடிப்பு ஒன்றின் கோரிக்கையில் ‘ஒப்பீட்டளவில் சிறிய’, ‘வணிக அளவில் சீரான’ என்றெல்லாம் இருந்தது. எதோடு ஒப்பிட்டால் சிறிய? 1942-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எங்கே வேலி என்று தெரியாத நிலத்தில் மற்றவர் தொழில் செய்யவே பயப்படுவார் என்பது அதன் கவலை. 2005-இல் ஒரு கணினித் திரை வடிவமைப்பில் ‘அழகியல் நோக்கில் இனிமையான’ என்ற சொல் வந்தது, அதுவும் செல்லவில்லை. மார்கழியில் நம் தெருவில் எந்தக் கோலம் அழகு என்று இரண்டு வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். ரசனையை நம்பி நிற்கும் சொல்லுக்கு எந்தத் துறைத் தேர்ச்சியும் கை கொடுக்காது. ‘கணிசமான’, ‘அழகான’ இரண்டும் தெளிவற்றவை போலத் தோன்றினாலும் ஒரே சாதி இல்லை என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண் போட்டும் விழுந்தவர்கள் உண்டு, அதுதான் வேடிக்கை. ஜெனிடிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க நிறுவனம், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் மருந்தின் வீரியத்தைக் ‘குறைந்தது ஏறத்தாழ 1,60,000’ அலகு என்று கோரியது. ‘குறைந்தது’ என்றால் கீழே ஒரு தரை இருக்கிறது. ‘ஏறத்தாழ’ என்றால் தரை ஆடுகிறது. வெறும் ஆட்டம் மட்டும் என்றால் பிழைத்திருக்கலாம். 1,28,620 அலகு வீரியமுள்ள மருந்து முன்பே இருந்தது. அப்படியானால் 1,55,000 உள்ளே வருமா, வெளியே போகுமா? ஆவணத்தில் விடை இல்லை. 1991-இல் அந்தக் கோரிக்கைகள் செல்லாது என்று தீர்ப்பானது. ‘ஏறத்தாழ’ என்று எழுதினாலே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கவனமாகச் சேர்த்துக்கொண்டது. பழைய பொருள் எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ, அவ்வளவுக்கு நம் சொல் கூர்மையாக இருக்க வேண்டும். பக்கத்தில் யாருமில்லாத பொட்டலில் வேலி ஓரடி தள்ளியிருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. திருவல்லிக்கேணிச் சந்தில் அரையடிக்கு வழக்கு நடக்கும்.

எவ்வளவு தெளிவு போதும் என்பதற்கு அமெரிக்காவில் இன்று சொல்லப்படும் வரையறை, உடற்பயிற்சிக் கருவியின் கைப்பிடியிலிருந்து வந்தது. பிடித்துக்கொண்டு நடந்தால் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி அது. ஒவ்வொரு கையும் படும் இடத்தில் இரண்டு மின்முனைகள், ஒன்றுக்கொன்று ‘இடைவெளி விட்டு’ இருக்கும் என்பது பயோசிக் நிறுவனத்தின் கோரிக்கை. எவ்வளவு இடைவெளி? சொல்லவில்லை. அதுவரை கீழ் நீதிமன்றங்கள், எவ்வளவு முயன்றும் பொருளே கொள்ள முடியாவிட்டால்தான் கோரிக்கை செல்லாது என்று இளகிய அளவுகோல் வைத்திருந்தன. 2014-இல், பயோசிக் நிறுவனத்துக்கும் நாட்டிலஸ் என்ற போட்டி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. துறை தெரிந்தவருக்குக் கோரிக்கையின் எல்லை ‘நியாயமான உறுதியோடு’ தெரிய வேண்டும் என்பது புதிய வரையறை. முழு உறுதி கேட்கவில்லை. மொழியால் அது முடியாது என்று நீதிமன்றத்துக்கும் தெரியும்.

சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். வழக்கு கீழே திரும்பி வந்தபோது, 2015-இல், அதே கோரிக்கை புதிய அளவுகோலிலும் தேறிவிட்டது. இரண்டு முனைகளையும் ஒரே கை தொட வேண்டும் என்பதால் இடைவெளி உள்ளங்கை அகலத்தைத் தாண்ட முடியாது. முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் இரண்டு என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு எல்லைக்கு நடுவே சரியான இடம் எது என்பதற்கும் சோதனை இருந்தது: கைத்தசையின் மின்குறிகள் இடக்கையிலும் வலக்கையிலும் ஒன்றையொன்று ரத்துசெய்து இதயக் குறி மட்டும் மிஞ்சும்வரை இடைவெளியை மாற்றிப் பார்க்க வேண்டும். சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதிலிருந்து இது எந்த வகையில் வேறு?

நம் ஊருக்கு வருவோம். தென் மாநிலங்களில் இருப்பவர்களின் விண்ணப்பங்கள் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகின்றன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு தந்த பதிவகமும் சென்னையில்தான் இருக்கிறது என்பதை நம் பட்டறைக்காரர் பெருமையோடு சொல்வார். பரிசோதனை கேட்டு மனுக் கொடுத்த பிறகு ஒரு நாள் முதல் பரிசோதனை அறிக்கை வரும். அவர் தானாகவே எழுதிப் போட்ட முதல் கோரிக்கை இப்படி: ‘மாவு அதிகம் சூடேறாதபடி மெதுவாகச் சுழலும் கல்லைக் கொண்ட கிரைண்டர்.’ அறிக்கையில் பிரிவு 10(5)-ஐக் காட்டி, ‘அதிகம்’, ‘மெதுவாக’ ஆகிய சொற்கள் எல்லையைத் தெளிவாக்கவில்லை என்று இருக்கும். பதில் தர 6 மாதம். கட்டணம் கட்டிக் கேட்டால் இன்னும் 3 மாதம் நீட்டலாம்.

“தம்பி, மெதுவாக என்றால் மெதுவாகத்தான். கிரைண்டர் ஓட்டினவர்களுக்குத் தெரியாதா?” என்பார் அவர்.

“ஐயா, ஓட்டினவர்களுக்குத் தெரியும் என்பதைத்தான் நாம் காட்ட வேண்டும். விளக்கத்தில் எங்கேயாவது வேகம் எழுதியிருக்கிறீர்களா? சூட்டை எப்படி அளந்தீர்கள் என்று?”

“கையை வைத்துப் பார்த்தேன்.”

“அதை எழுதினீர்களா?”

இந்த இடத்தில் வரும் மௌனத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிக்கல் இதுதான்: பிரிவு 59-இன்படி திருத்தம் என்ற பெயரில் புதிய சரக்கைச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே எழுதியதைக் குறைக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். முதலில் தந்த ஆவணத்தில் சாரமாகக்கூட இல்லாத எண்ணையோ சோதனையையோ இப்போது நுழைக்க முடியாது. விளக்கப் பகுதியில் ஏதோ ஒரு மூலையில் ‘132 சுற்று’ என்று ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம். ஆனால் அப்போது 135-காரர் சிரிப்பார். அதுவும் இல்லையென்றால், பரிசோதனை அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சில அதிகாரிகள் ‘ஏறத்தாழ’வைக் கண்டதும் பழக்க தோஷத்தில் ஆட்சேபம் எழுதுகிறார்கள் என்பது உண்மைதான், துறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு என்று காட்டி வாதாடலாம், நிராகரித்தால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே மேல்முறையீடு போகலாம். 2021-வரை அதற்கென்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தனித் தீர்ப்பாயம் இருந்தது, அதைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் எங்கே போனாலும் கையில் ஆவணம் வேண்டுமே.

ஆகவே எல்லாமே விண்ணப்பத்துக்கு முந்தைய வேலை. அவர் முதலிலேயே வந்திருந்தால் தற்காலிக விவரக்குறிப்பு என்ற முதல்கட்ட ஆவணம் ஒன்றைப் போட்டு விண்ணப்பத் தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரக்குறிப்பு தருவதற்கு உள்ள 12 மாதத்தில் ஒரு தெர்மாமீட்டரும் வேகமானியும் வாங்கச் சொல்லியிருப்பேன். விளக்கத்தில் இப்படி எழுதலாம். எண்கள் என் கற்பனை: “இங்கே ‘மாவு சூடேறாத’ என்பது, 3 மணி நேரம் ஊறிய அரை கிலோ உளுந்தை, 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர் விட்டு 25 நிமிடம் அரைத்த பின், கல்லின் அடியிலிருந்து எடுத்த மாவின் வெப்பம் தொடக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் உயராத நிலையைக் குறிக்கும்.” இதுதான் அந்தத் தண்ணீர்க் கிண்ணம். இது இருந்தால் கோரிக்கையில் ‘மாவு சூடேறாத வேகத்தில்’ என்று எழுதத் தைரியம் வரும். 132, 135, 140 எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும், சூடேற்றும் 200 அடங்காது. பக்கத்துப் பட்டறைக்காரரும் அதே சோதனையைத் தன் கிரைண்டரில் செய்து, உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ளலாம். அவருக்கும் அந்த உரிமை உண்டு.

அதோடு நிறுத்தாமல் படிப்படியாக எண்களையும் இறக்கி வைக்க வேண்டும்: 100 முதல் 160 சுற்றுவரை வேலை செய்கிறது, 120 முதல் 140 நல்லது, 132 மிகவும் நல்லது. பெரிய வேலி விழுந்தால் உள்வேலி நிற்கும். ‘ஏறத்தாழ 132’ என்று எழுத ஆசை இருந்தால், ‘ஏறத்தாழ என்பது கூட்டியும் குறைத்தும் 5 சதவீதம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தச் சொல் சாதுவாகிவிடும்.

ஒரு பக்கக் குறிப்பு: தமிழில் ‘பதம்’ என்பதற்குச் சொல் என்றும் பொருள் உண்டு, பக்குவம் என்றும் பொருள் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அந்த இரட்டைப் பொருள் என் காதில் விழுந்தது.

நம் பட்டறைக்காரர் கதை பாதியில் நிற்கிறது. அவருடைய விளக்கத்தின் ஏழாவது பக்கத்தில், படத்துக்குக் கீழே, ‘இவ்வேகத்தில் அரை மணி நேரம் அரைத்தும் மாவு, ஊற்றிய தண்ணீரின் குளிர்ச்சியிலேயே இருந்தது’ என்று ஒரு வரி அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். எண் இல்லை. ஆனால் எதோடு ஒப்பிடுவது என்பது இருக்கிறது: ஊற்றிய தண்ணீர். எவ்வளவு நேரம் என்பதும் இருக்கிறது. ‘அதிகம் சூடேறாதபடி மெதுவாக’ என்பதை வெட்டிவிட்டு, அந்த வரியைக் கோரிக்கைக்குள் ஏற்றி, கிண்டிக்குப் பதில் அனுப்ப அது போதும். அதிகாரி ஏற்பாரா என்பது அந்த வரியைப் படிக்கும் கிரைண்டர் மெக்கானிக் ஒருவர், கையில் தெர்மாமீட்டரோடு, எங்கே நிறுத்துவார் என்பதைப் பொறுத்தது.